ஜீப்பைப் புதைக்கப் போனவர்

ஜீப் சத்தம் கேட்டால் பஞ்சநதத்தால் உட்கார்ந்திருக்க முடியாது. மூஸாவின் டீக்கடைப் பெஞ்சில் டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து ஒரு உதறு உதறி, மறுபடியும் அதே தோளில் அதே மடிப்பில் போட்டுக்கொண்டு, ரோட்டுக்கு நேராக மார்பைக் காட்டி நிற்பார். வருவது போலீஸ் ஜீப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கொசு மருந்து அடிக்கிற ஜீப்புக்கும் நின்றிருக்கிறார், குடும்பக் கட்டுப்பாட்டு ஜீப்புக்கும் நின்றிருக்கிறார். வண்டி கடந்து புழுதி அடங்கிய பிறகு, "பாத்தீங்களா, நம்ம ஊருக்குள்ள வந்தா இப்பல்லாம் மெதுவாத்தான் போறானுவ" என்று பெஞ்சைப் பார்த்துச் சொல்லிவிட்டு உட்காருவார். அந்த இடத்தில் ரோடு குண்டும் குழியுமாக இருப்பதால் மாட்டு வண்டிகூட மெதுவாகத்தான் போகும். அதை யாரும் அவரிடம் எடுத்துச் சொன்னதில்லை.

கும்பகோணத்து டவுன் பஸ் தென்னூர்மங்கலம் வரை வந்து திரும்பிப் போகும். அதற்கு அப்பால் ரோடு இல்லை, வண்டிப் பாதையும் வயலும்தான். பஸ்ஸை விட்டு இறங்குகிற வெளியூர்க்காரர் யாராவது பேச்சுக்கு, "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டுவிட்டால் போதும். கொஞ்சம் சொந்த நிலமும் கொஞ்சம் கோயில் குத்தகையும் வைத்து உழுகிற பஞ்சநதம், விவசாயம் என்று சொல்ல மாட்டார். "அப்பீல்ல இருக்கேன்" என்பார். மற்றவர்கள் மிலிட்டரியில் இருப்பதைச் சொல்வார்களே, அந்த மிடுக்கோடு சொல்வார். கேட்டவர் விழிப்பார். வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பஞ்சநதம் கதையை ஆரம்பிப்பார்.

ஆளைப் பார்த்தால் போலீஸைத் தடுத்தவர் என்று தோன்றாது. கோழி குறுக்கே வந்தாலும் நின்று வழிவிடுகிற உடம்பு. மீசை மட்டும் பெரிது. அது தண்டனைக்குப் பிறகு வந்தது. துண்டின் கதையும் அதுதான். முன்பெல்லாம் அது வெயிலுக்குத் தலையில் இருக்கும், மழைக்கும் தலையில் இருக்கும், வாய்க்காலில் கெண்டை கிடைத்தால் மீன் பையாகிவிடும். கும்பகோணத்து மாஜிஸ்திரேட் மூன்று மாதம் ஜெயில் என்று சொன்ன அன்று தோளுக்கு ஏறியது. "எவன் முன்னாடியும் இந்தத் துண்டு தோள விட்டு எறங்காது" என்பது அவர் அடிக்கடி சொல்கிற வசனம்.

அந்தப் பக்கத்தில் துண்டு என்பது வெறும் துணி அல்ல. பண்ணையார் வீட்டு வாசலில் கூலிக்காரன் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் நிற்க வேண்டும் என்று இருந்த காலம் வெகு தூரத்தில் இல்லை. சங்கம் வந்து, கொடி வந்து, அடியும் வழக்கும் பட்டுக் கக்கத்துத் துண்டைத் தோளுக்கு ஏற்றினார்கள். அப்படி அடிபட்டவர்களில் பஞ்சநதம் இல்லை. துண்டை எடுக்காதவனைப் பார்த்து உறுமுகிற வரிசையில் அவருடைய அப்பா இருந்தார். சங்கத்துக்கு வரச் சொல்லி ஆள் வந்தபோதெல்லாம் பஞ்சநதம் மாட்டுக் கொட்டகைக்குள் போய், "நமக்கெதுக்குங்க வம்பு" என்று உள்ளேயிருந்தே பதில் சொல்லி அனுப்பியவர்.

அப்படிப்பட்டவரின் பெயர் ஊர்ச் சுவரில் எழுதப்படுகிற அளவுக்கு ஏறியது எப்படி என்பதை அவர் வாயாலேயே கேட்பதுதான் சுவை.

"ஆலடி வயலு தெரியுமில்ல? பண்ணையாரு மெட்ராஸ்ல குந்திக்கிட்டு, குத்தகைக்காரன் வெதைச்ச குறுவைய வெளியூரு ஆள வச்சு அறுக்கப் போறேன்னாரு. பாதுகாப்புக்குப் போலீசு. ஊரே கையப் பெசையுது. நான் பாத்தேன். ஒத்த ஆளா மம்பட்டிய எடுத்துக்கிட்டுப் போயி வண்டிப் பாதைய குறுக்கால வெட்டிப்புட்டேன். விடிஞ்சதும் வந்தானுவ. வந்து வுழுந்தானுவ. வுழுந்தவன வுட்ருவனா? அப்படியே மண்ணத் தள்ளி மூட ஆரம்பிச்சிட்டேன். சப்-இன்ஸ்பெக்டரு கையெடுத்துக் கும்புடுறாரு. 'பஞ்சநதம், நான் புள்ளகுட்டிக்காரன்'ங்கிறாரு."

இந்த இடத்தில் எழுந்துபோய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வருவார். கேட்கிறவர் அதற்குள் வாயைப் பிளந்திருக்க வேண்டும் என்பது கணக்கு.

இதில் பாதி உண்மை. பாதை வெட்டியிருந்தது, ஜீப் விழுந்தது, அவர் மண் தள்ளினார், எல்லாம் சரி. போலீஸ்காரர்களும் கோர்ட்டில் அப்படியேதான் சொன்னார்கள். கடமையைச் செய்ய வந்த காவலரைத் தடுத்தார், கைது செய்யப் போனபோது எதிர்த்தார், ஜீப்பை மண்ணால் மூட முயன்றார் என்று குற்றப் பத்திரிகை. எதிர்வாதம் செய்யாமல் மீசை முளைக்காத முகத்தை நிமிர்த்திக்கொண்டு பஞ்சநதம் நின்றார். தண்டனை வந்தது. தஞ்சாவூர் செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் போட்டதால் ஜாமீனில் வெளியே இருக்கிறார்.

அதற்குள் அவர் புகழ் எங்கேயோ போய்விட்டது. சங்கத்தில் துணைத் தலைவர் பதவி கொடுத்தார்கள். போலீஸ் தங்கள் ஆட்சியினுடையது என்றாலும், சங்கத்துக்கு மட்டும் அவரை விட்டுக்கொடுக்க ஆளும் கட்சி வட்டத்துக்கு மனம் வரவில்லை. மேடைக்கு அழைத்து, "அடக்குமுறையின் வாகனத்தையே அடக்கம் செய்ய முனைந்த அஞ்சா நெஞ்சர்" என்று ஒருவர் மூச்சுவிடாமல் பேசினார். பஸ் நிறுத்தத்துச் சுவரில் "ஜீப் வென்ற சோழரே வருக" என்று சுண்ணாம்பில் எழுதினார்கள். கல்யாணப் பத்திரிகைகளில் வாழ்த்துரை வழங்குவோர் வரிசையில் "சிறை காணவிருக்கும் செம்மல்" என்று அவர் பெயர் வர ஆரம்பித்தது. ஊரில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் தலைவரானார். வீட்டில் மங்களாம்பிகை மட்டும், "தலைவரே, மாட்டுக்குத் தண்ணி காட்டுனீங்களா?" என்று கேட்பார்.

அவர் பயப்படுவது ஒரே ஒரு ஆளுக்கு. வாய்க்கால் கடைக்கோடியில் துண்டு நிலம் ஒன்றைக் குத்தகைக்கு வைத்துப் பயிரிடுகிற தங்கம்மாளுக்கு. புருஷன் இல்லை. அவர் தெருக்காரர்கள் 'ஆண்டை' என்ற சொல்லை விட்டுப் பல வருஷமாகிவிட்டது. பஞ்சநதம் கதையை நடத்திக்கொண்டிருக்கும்போது, மண்ணைத் தள்ளுகிற கட்டம் வருகிற நேரமாகப் பார்த்து தங்கம்மாள் எங்கிருந்தோ வந்து ஓரமாக நிற்பார்.

"தலைவரே, எம் மம்பட்டி எப்பங்க வரும்?"

"வரும் தங்கம்மா. கோர்ட்டுல இருக்கு. கேஸு முடியட்டும்."

"இல்லீங்க, கேட்டேன்."

அவ்வளவுதான். போய்விடுவார். கதை மட்டும் அதற்குப் பிறகு ஓடாது. சப்-இன்ஸ்பெக்டர் கும்பிடுவதற்கு முன்னாலேயே முடிந்துபோகும்.

நடந்தது இதுதான். அந்தப் புரட்டாசியில் மேட்டூரில் தண்ணீர் குறைந்து, ஆற்றில் நாலு நாள் விட்டு நாலு நாள் அடைத்தார்கள். வாய்க்காலுக்கு வருகிற கொஞ்சத்தை ஊர் கூடி முறை வைத்தது, ராத்திரிக்கு ஒருவர் வயலென்று. அவரவர் முறையில் அவரவர் மடை திறக்கும், மற்றவர் தொடக்கூடாது. அந்தப் பக்கத்தில் அடுத்தவன் வயலில் கதிரைக் கிள்ளினால்கூடப் பசி என்று விடுவார்கள். அடுத்தவர் முறைத் தண்ணீரைத் திருப்பினவன் வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள்.

பஞ்சநதத்தின் சம்பா நடவு தண்ணீரில்லாமல் மஞ்சளாகப் பழுத்துக்கொண்டிருந்தது. அவர் வயல் வண்டிப் பாதைக்கு அந்தப் புறம். வாய்க்கால் இந்தப் புறம். பாதையின் குறுக்கே ஒரு வெட்டு வெட்டினால் தண்ணீர் தானாக ஓடி வந்துவிடும். விடிவதற்குள் வெட்டை மூடி, மேலே வைக்கோலைத் தூவி, இரண்டு மிதி மிதித்தால் தெரியாது. அன்றைய முறை தங்கம்மாளுடையது. மண்வெட்டியும் தங்கம்மாளுடையது. தன் மண்வெட்டிக்குக் காம்பு ஆடுகிறதென்று, வரப்பு கட்ட வேண்டும் என்று சொல்லி, அன்று சாயங்காலம்தான் அந்த அம்மாளிடமே போய் இரவல் வாங்கி வந்திருந்தார்.

வெட்டினார். தண்ணீர் பாய்ந்தது. வரப்பில் உட்கார்ந்து அது பாய்கிற அழகைப் பார்த்தார். பார்த்தபடியே தூங்கிப்போனார்.

விழித்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. எதுவோ மோதிய சத்தம். பஞ்சநதத்தின் மனசில் போலீஸ் இல்லை, ஆலடி வயல் இல்லை, பண்ணையார் இல்லை. பாதையில் வெட்டு திறந்து கிடக்கிறது, தங்கம்மாள் தன் வயலைப் பார்க்க வருகிற நேரம், இது மட்டும்தான் இருந்தது. மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் வெட்டை மூட ஆரம்பித்தார். மண்ணைப் போட்டுக்கொண்டேயிருந்தவர், அதற்குள் ஒரு ஜீப்பின் முன்சக்கரங்கள் இருப்பதைத் தாமதமாகத்தான் பார்த்தார். பார்த்த பிறகும் நிறுத்தவில்லை, மூடுவதுதானே அவசரம். இடுப்பளவு சேற்றில் நின்ற சப்-இன்ஸ்பெக்டருக்கு, தன்னையும் சேர்த்துப் புதைக்கிறான் என்று தோன்றியதில் தப்பில்லை.

கான்ஸ்டபிள் மண்வெட்டியைப் பிடித்து இழுத்தார். பஞ்சநதம் விடவில்லை. இரவல் பொருள், போனால் தங்கம்மாளுக்கு என்ன பதில் சொல்வது என்ற ஒரே பிடியாக இழுத்தார். சட்டத்தின் பார்வையில் அது எதிர்ப்பு. இதற்கிடையில் சப்-இன்ஸ்பெக்டரின் தொப்பி தண்ணீரில் விழுந்து, வெட்டு வழியாக ஓடி, பஞ்சநதத்தின் வயலுக்குள் போய் நட்ட நாற்றுகளுக்கு நடுவே நின்றது.

பின்னாலேயே வெளியூர் ஆட்களை ஏற்றிய லாரி. ஒற்றைப் பாதை; முன்னே போகவும் வழியில்லை, திருப்பவும் இடமில்லை. ஜீப்பை இழுக்க மாடு வேண்டும் என்றார்கள். ஊரில் இருந்த மாடெல்லாம் மேயப் போயிருந்தன என்று பதில் வந்தது. உச்சிப்பொழுதில் ஜீப் மேலே வந்தபோது ஆலடி வயல் மொட்டையாக இருந்தது. விதைத்தவர்களே அறுத்துக் கதிரை வீடு கொண்டு சேர்த்துவிட்டார்கள். கையில் விலங்கோடு ஜீப்பில் ஏறின பஞ்சநதத்துக்கு வழியெல்லாம் கோஷம். முதலில் அவருக்கே ஒன்றும் புரியவில்லை. ஊர் எல்லை தாண்டுவதற்குள் புரிந்துவிட்டது, தலையும் நிமிர்ந்துவிட்டது.

தங்கம்மாளின் நடவு அந்த முறையில் காய்ந்தது. அடுத்த முறை வருவதற்குள் பாதிக்கு மேல் போய்விட்டது. அந்த வருஷம் முழுக்க அவர் அடுத்தவர் வயலில் கூலிக்குக் குனிந்தார். அன்று காலையில் வாய்க்கால் கரையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவர் அவர். தண்ணீர் எங்கே போயிற்று என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. சங்கத்துச் செயலாளர் கோவிந்தராசுவிடம் போய்ச் சொன்னார். கோவிந்தராசு நல்ல மனிதர், நிஜமாகவே அடிபட்டவர். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இப்ப அதப் பேசாதீங்க அக்கா. போராட்ட நேரம்" என்றார். போராட்டம் ஜெயித்த பிறகும் அந்த நேரம் முடியவில்லை. அதற்கப்புறம்தான் தங்கம்மாள் மண்வெட்டியை மட்டும் கேட்க ஆரம்பித்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று பஞ்சநதம் நம்பினார். நம்புவது அவருக்குச் சௌகரியமாக இருந்தது.

தஞ்சாவூரில் அப்பீலை நடத்துகிற வக்கீல் தியாகராசன் வயல்காரர் வீட்டுப் பிள்ளை. விசாரணைக்கு முன்னால் கூப்பிட்டு அனுப்பினார். பஞ்சநதம் மங்களாம்பிகையோடு போனார். நாற்காலியில் உட்கார்ந்து, துண்டைச் சரிசெய்து, கதையை ஆரம்பித்தார். தியாகராசன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது இருக்கட்டும். சப்-இன்ஸ்பெக்டர் கோர்ட்டுல சொன்னாரே, தொப்பிய உங்க வயல்லேர்ந்து எடுத்தாங்கன்னு. தொப்பி எப்படிங்க அங்க போச்சு?"

"தண்ணியில போச்சுங்க."

"தண்ணி எதுக்கு உங்க வயலுக்குப் போச்சு?"

பஞ்சநதம் வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். மங்களாம்பிகை மெதுவாகத் திரும்பிப் புருஷனைப் பார்த்தார்.

"ஏங்க, அன்னிக்கு நம்ம மொறை இல்லியே."

தியாகராசனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

"இங்க பாருங்க. தடுக்கணுங்கிற எண்ணம் இருந்தாத்தான் குற்றம். போலீசத் தடுக்கப் பாதைய வெட்டுனீங்கன்னா மூணு மாசம். தண்ணி திருட வெட்டுனீங்கன்னா, திருட்ட மறைக்க மூடுனீங்கன்னா, இந்தக் கேஸு நிக்காது. விடுதலை. எது வேணும்?"

வழக்கோடு வருகிற எந்தக் கட்சிக்காரரும் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுகிற கேள்வி. பஞ்சநதம் யோசித்தார். மூன்று மாதம் ஜெயிலை ஒரு தட்டில் வைத்தார். மறு தட்டில் மூஸா கடைப் பெஞ்சு, சுவரில் சுண்ணாம்பு எழுத்து, கல்யாணப் பத்திரிகைகள், தங்கம்மாளின் முகம்.

"நான் உள்ளயே போயிடுறேங்க. மூணு மாசந்தானே."

"போவாரு, போவாரு" என்றார் மங்களாம்பிகை. "தாளடி நடவு யாரு பாக்குறது? நீங்க பேசுங்கய்யா. நான் சொல்றேன், பேசுங்க."

"ஊரு சனம் பூரா கோர்ட்டுக்கு வருதுங்க" என்றார் பஞ்சநதம், அழுகிற குரலில்.

தியாகராசன் இரக்கப்பட்டார். "வரட்டுமே. நான் இங்கிலீஷ்லதானே பேசப் போறேன்."

அந்தக் கணத்தில் பஞ்சநதத்தின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்க வேண்டும். மேடைக்கு மேடை "தமிழ் வாழ்க" என்று தொண்டை கட்டக் கத்தினவர் அவர். அன்று இங்கிலீஷ் மொழியின் மீது அவருக்கு உண்டான பக்தி, அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கும் இருந்திருக்காது. விடுதலையும் உண்டு, வீரமும் உண்டு. பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, கடந்துபோன ஒரு ஜீப்பைப் பார்த்து எழுந்திருக்கப் போய்த் தலையில் இடித்துக்கொண்டார்.

விசாரணை நாளன்று தென்னூர்மங்கலத்திலிருந்து ஆட்கள் பஸ் நிறையப் போனார்கள். கோவிந்தராசு கதம்ப மாலை வாங்கி வைத்திருந்தார். தீர்ப்பு எப்படி வந்தாலும் போடலாம். ஜெயிலுக்குப் போனால் தியாகம், வெளியே வந்தால் வெற்றி. தங்கம்மாளும் வந்தார். "கேஸு இன்னியோட முடியிதாம்ல. மம்பட்டியக் கையோட வாங்கிட்டு வந்துரலாம்னுதான்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

தியாகராசன் இங்கிலீஷில் பேசினார். நிறுத்தி, நிதானமாக, தொப்பி வந்தபோது மட்டும் கையால் அது மிதந்து போவதைக் காட்டிப் பேசினார். பின்பெஞ்சுகளில் ஊர்க்காரர்கள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார்கள். "என்னமா போடுறாரு பாரு" என்று ஒருவர் மெய்சிலிர்த்தார். குற்றவாளிக் கூண்டில் பஞ்சநதம், தன்னைத் திருடன் என்று நிரூபிக்கிற பேச்சை, மாலை வாங்கிக்கொள்கிற முகத்தோடு கேட்டுக்கொண்டு நின்றார்.

ஜட்ஜ் வெகுநேரம் தாடையில் கையை வைத்துக் கேட்டார். வயலும் வாய்க்காலும் தெரிந்தவர் என்பது அவர் கண்ணைச் சுருக்கிய விதத்திலேயே தெரிந்தது. வக்கீல் முடித்ததும் கூண்டைப் பார்த்தார். எல்லாருக்கும் புரிகிற தமிழில் கேட்டார்.

"அன்னிக்கு ராத்திரி முறை யாருது?"

தலையாட்டிக்கொண்டிருந்த பெஞ்சுகள் நின்றுபோயின. இந்தக் கேள்விக்கு அர்த்தம் புரியாதவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. முறையைப் பற்றி ஜட்ஜ் எதற்குக் கேட்கிறார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

பஞ்சநதம் கணக்குப் போட்டார். தன் முறை என்று சொல்லிவிட்டால் வக்கீல் கட்டியதெல்லாம் சரிந்துவிடும். தன் தண்ணீரை எடுக்கிறவன் எதற்குத் திருட்டுத்தனமாக வெட்டை மூட ஓடுகிறான்? ஜெயில்தான். ஆனால் துண்டு தோளிலேயே இருக்கும். தியாகராசன் கண்ணைக் காட்டினார். மங்களாம்பிகை இருமினார். பஞ்சநதம் இரண்டு பேரையும் பார்க்கவில்லை.

"என் மொறைதாங்க" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக நிஜமாகவே ஜெயிலுக்குப் போகத் துணிந்தார், அதுவும் பொய் சொல்லி.

பின்னால் யாரோ எழுந்த சத்தம் கேட்டது.

"இல்லீங்க. மொறை நம்மளுதுங்க" என்றார் தங்கம்மாள். குரலில் கோபம்கூட இல்லை. "இந்த மனுசன் போலீசத் தடுக்கலீங்க. என் தண்ணியத்தாங்க தடுத்தாரு. அந்த மம்பட்டியும் என்னுதுதாங்க. அத எப்பக் குடுப்பீங்க?"

கோர்ட்டுச் சேவகன் டவாலி ஓடிவந்து உட்காரச் சொன்னான். கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து சொல்வது சாட்சியம் ஆகாது. அதை யாரும் எழுதவில்லை. ஜட்ஜ் மட்டும் கொஞ்ச நேரம் அந்த அம்மாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சப்-இன்ஸ்பெக்டர் சொன்ன தொப்பியை வைத்தே, தடுக்கும் எண்ணம் நிரூபிக்கப்படவில்லை என்று சாப்பாட்டு வேளைக்குப் பிறகு தீர்ப்புச் சொன்னார். தண்டனை ரத்து. மண்வெட்டியை உரியவரிடம் கொடுத்துவிடச் சொன்னார்.

ஆகப் பஞ்சநதம் குற்றமற்றவரானார். அவர் முகத்தைப் பார்த்த யாரும் இவருக்குத் தூக்குத் தண்டனை போலிருக்கிறது என்றுதான் நினைத்திருப்பார்கள். வெளியே வராந்தாவில் மாலையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் கோவிந்தராசுவைப் பார்த்தான். கோவிந்தராசு தன் செருப்பைப் பார்த்தார். வாங்கின மாலை வாடிவிடக் கூடாதே என்று கடைசியில் அதை வக்கீல் தியாகராசன் கழுத்தில் போட்டார்கள். பஸ்ஸில் பஞ்சநதத்துக்குப் பக்கத்து இடம் கும்பகோணம் வரை காலியாகவே வந்தது. மங்களாம்பிகை முன்னால் போய்த் தங்கம்மாளோடு உட்கார்ந்துகொண்டார். இரண்டு பேருக்கும் நடுவில் மண்வெட்டி.

கொஞ்ச நாள் அவர் டீக்கடைப் பக்கம் வரவில்லை. சுவரில் இருந்த சோழர் அடுத்த மழையில் கரைந்து போனார். யாரும் மறுபடி எழுதவில்லை. மீசை சிறுத்தது. ஆனால் பேசிப் பழகின நாக்கு சும்மா கிடக்காது. ஒருநாள் வந்து பழைய பெஞ்சில் உட்கார்ந்து, டீ வாங்கிக்கொண்டு, புதுக் கதையை மெல்ல இறக்கிப் பார்த்தார்.

"கேஸு ஜெயிச்சிட்டேன், பாத்தீங்கல்ல. எல்லாம் தண்ணிக்காகத்தாங்க. ஒழவன் தண்ணிய எடுத்தா அது திருட்டா? சொல்லுங்க."

"யாரு தண்ணிங்க?" என்றார் மூஸா, பாலை ஆற்றிக்கொண்டே.

அந்த நேரத்தில் ஜீப் சத்தம் கேட்டது. இந்தத் தடவை நிஜமான போலீஸ் ஜீப். உள்ளே தொப்பியோடு ஒரு அதிகாரி. பெஞ்சில் இருந்தவர்கள் ஜீப்பைப் பார்க்கவில்லை, பஞ்சநதத்தைப் பார்த்தார்கள். அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜீப் குண்டும் குழியும் தாண்டி மெதுவாகப் போயிற்று.

புழுதி அடங்கியபோது அதே ரோட்டில் தங்கம்மாள் வந்துகொண்டிருந்தார். தோளில் மண்வெட்டி. அதன் இரும்பு இலையில் துரு, காம்பில் கோர்ட்டில் கட்டிவிட்ட நம்பர்ச் சீட்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அன்று அவர் முறை. கடையைத் திரும்பிப் பார்க்காமல் வாய்க்காலை நோக்கி நடந்தார்.

பஞ்சநதம் டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தார். கை வழக்கம்போலத் தோளுக்குப் போய்த் துண்டை எடுத்து ஒரு உதறு உதறியது. மறுபடி தோளில் போடவில்லை. அதை மடித்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அந்த அம்மாள் கடந்து போகிறவரை நின்றார்.